இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை: கஞ்சியும் ஓய்வும் போதாது

பினாங்கில் எலும்பியல் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளுக்கு உணவியல் ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் என்னிடம் முதலில் கேட்பது, எதையெல்லாம் விலக்க வேண்டும் என்பதுதான். மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்குமா, முட்டை சூடாயிற்றே, தயிர் குளிர்ச்சி ஆயிற்றே என்று கேள்விகள் நீளும். விலக்க வேண்டியவை சில உண்டு என்பது உண்மையே. ஆனால் நான் பார்த்தவரையில், நடை திரும்பத் தாமதமாகிறவர்களில் பலர், தேவையானதைச் சாப்பிடாததாலும் தேவைக்கு மேல் படுத்திருந்ததாலுமே பின்தங்குகிறார்கள்.

மூட்டைப் பொருத்தும் கலை இன்று நன்கு தேர்ந்துவிட்டது. 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் கொண்டு செய்து காட்டிய முறையின் வழிவந்தவையே இன்று நம் ஊரிலும் பொருத்தப்படுகின்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இவ்வாறு பொருத்தப்பட்ட மூட்டுகளில் ஏறக்குறைய 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிப்பதாகக் கணித்தது. ஆயினும் அந்த மூட்டை இயக்குவதும் இடம் மாறாமல் பிடித்து வைப்பதும் அதைச் சுற்றியுள்ள தசைகள்தாம். இடுப்பின் பக்கவாட்டில் உள்ள பிட்டத் தசைகள் தளர்ந்திருந்தால், மூட்டு எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியிருந்தாலும், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கும் நிலை நீடிக்கும். வலிக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் நடையைக் குறைத்துக்கொண்டவருக்கோ, அந்தத் தசைகள் சிகிச்சைக்கு முன்பே மெலிந்து போயிருக்கும்.

மூட்டுத் தேய்மானமும், முதுமையில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிவதும் எல்லாரும் அறிந்த காரணங்கள். இன்னொரு காரணத்தைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டு வலிக்கு உடனே கேட்கும் என்று சொல்லிக் கைக்குக் கை விற்கப்படும் சில ஜாமு (மலாய் நாட்டு மூலிகை மருந்து) பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை முகமை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொண்டால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குன்றி, அது செத்துப்போகக்கூடும். வலிக்காக வாங்கிய பொடியே மூட்டைக் கெடுத்துவிடும். அத்துடன், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். இப்படிப்பட்ட பொடி உங்கள் வீட்டில் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். நீங்களாகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்து போயிருக்கும் என்பதால், அறுவைச் சிகிச்சையின் போது இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியக்கூடும்.

அரசு மருத்துவமனையில் நாள் கிடைக்கச் சில மாதங்கள் ஆவதுண்டு. அந்தக் காத்திருப்பைப் பலர் வீணாகக் கழிக்கிறார்கள். இன்னும் சிலர் எடையைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் பட்டினி கிடக்கிறார்கள். நடக்கும்போது இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழுவதால் எடை குறைவது நல்லதே. ஆனால் இரவு உணவை விட்டுவிட்டு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டை மைலோவில் நனைத்துச் சாப்பிட்டுப் படுப்பவருக்குக் குறைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும்தான். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டு இங்கே கைகொடுக்கும்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. மாமாக் கடையில் நாசி கண்டார் வாங்கினாலும் இதைச் செய்யலாம். சோற்றைப் பாதியாக்கி, வெண்டைக்காயையும் முட்டைக்கோசையும் கூட்டிக்கொண்டு, குழம்பை மேலே வெள்ளமாக ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் போதும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்தான்.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பல அறுவை மருத்துவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள், ஏனெனில் புதிய மூட்டில் கிருமித்தொற்று ஏற்பட்டால் அதைச் சரிசெய்வது முதல் சிகிச்சையை விடக் கடினம். சொத்தைப் பல்லையும் சிறுநீர்த் தொற்றையும் முன்கூட்டியே கவனிக்கச் சொல்வதும், புகைப்பதை நான்கு வாரங்களுக்கு முன்பேனும் நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

இரத்தச்சோகையும் அவ்வளவு முக்கியம். சாப்பாடு முடிந்த கையோடு தே தாரேக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கிறது; ஆகவே தேநீரை உணவிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். இரும்பு மாத்திரையை ஒரு துண்டு கொய்யாவுடனோ எலுமிச்சைச் சாற்றுடனோ எடுத்துக்கொண்டால் நன்கு சேரும்.

காத்திருக்கும் காலத்தில் தசைக்கு உடற்பயிற்சியும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படுத்தபடி முழங்காலைக் கட்டிலில் அழுத்துவது, பிட்டத்தை இறுக்கித் தளர்த்துவது ஆகியவற்றை இயன்முறைச் சிகிச்சையாளர் கற்றுக்கொடுப்பார். எங்கள் ஊர் வெயிலில் நடக்க முடியாதவர்கள், பேரங்காடி திறந்ததும் கூட்டம் சேர்வதற்கு முன் அங்கே போய் நடக்கலாம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளின் முன்புறம் உள்ள கூரையிட்ட நடைபாதையான காக்கி லீமாவில் நடப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. கடைக்குக் கடை தரைமட்டம் ஏறி இறங்கும், மழைக்காலத்தில் ஓடு வழுக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. மறுநாள் மதியம் மருமகள் அடுக்குச் சட்டியைத் திறக்கிறார்: கஞ்சி, கொஞ்சம் துவையல், உப்பில்லாமல் வேகவைத்த பீர்க்கங்காய்.

“மீன், முட்டை எதுவும் இல்லையாம்மா?” என்றேன்.

“தையல் ஆறுற வரைக்கும் பத்தியம் இருக்கணும்னு அத்தைதான் சொன்னாங்க, மிஸ்.”

“ஆன்டி, தையல் ஆறுறதே அந்த மீனாலதான்” என்று மாமியாரிடம் சொன்னேன்.

அந்தக் கிண்ணம் கஞ்சியில் புரதம் மூன்று, நான்கு கிராமுக்கு மேல் இராது. சிகிச்சையிலிருந்து தேறிவரும் முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம், நூறு கிராம் கெம்போங் மீனில் 20 கிராம், நூறு கிராம் தெம்பேயில் (நொதிக்க வைத்த சோயாக் கட்டி) 19 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம், அரைக் கோப்பை வெந்த பருப்பில் சுமார் 8 கிராம் இருப்பதால், இவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து கொடுத்தால் 67 கிராம் வந்துவிடும். மீதியைச் சோறும் தோசையும் தயிரும் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது.

காயம் ஆற இக்கான் ஹாருவான், அதாவது விரால் மீன், நல்லது என்று நம் நாட்டில் எல்லா இனத்தாரும் நம்புகிறார்கள். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் சாற்றை வடித்துக் கொடுத்துவிட்டுச் சதையை ஒதுக்கிவிடாதீர்கள், புரதத்தின் பெரும்பகுதி சதையில்தான் தங்கியிருக்கிறது. விலையுயர்ந்த சிக்கன் எசென்ஸ் ஒரு சிறு புட்டியில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு முட்டையின் புரதமே. புரட்டாசியில் சைவம் இருப்பவர்கள் விரதத்தை முறிக்க வேண்டியதில்லை. தெம்பே, தவ்ஹு, பருப்பு, தயிர், பால் இவற்றின் அளவைக் கூட்டிக்கொண்டால் போதும்.

வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும். பப்பாளி, கீரை, போதிய தண்ணீர் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கீரை அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்று அஞ்சிக் கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் மூன்று கட்டு, மறு வாரம் ஒன்றுமில்லை என்று இல்லாமல் ஒரே சீராக உண்ண வேண்டும். பூண்டு மாத்திரை, ஜின்செங், மீன் எண்ணெய் முதலியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

படுக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தபோது அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். இன்று பெரும்பாலோரைச் சிகிச்சை அன்றோ மறுநாளோ வாக்கருடன் நடக்க வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு ஊன்றுகோலுக்கு மாறும்போது, அது சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது சிகிச்சை செய்த காலை முதலில் வையுங்கள்.

பின்பக்கமாகத் திறந்து மூட்டைப் பொருத்தியிருந்தால், முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கவும், கால்மேல் கால் போடவும், பாதத்தை உட்பக்கம் திருப்பவும் கூடாது என்பார்கள். நம் வீடுகளில் இதன் பொருள், சம்மணமிட்டு உட்காருவதும் தேங்காய் துருவும் முக்காலியும் குந்திப் பயன்படுத்தும் கழிப்பறையும் அந்நாட்களில் கிடையாது என்பதே. கழிப்பறை நாற்காலி ஒன்றையும் உயரமான கைப்பிடி நாற்காலி ஒன்றையும் சிகிச்சைக்கு முன்பே வாங்கி வைத்து, பூசை அறைக்கு முன் கிடக்கும் சிறு விரிப்பை எடுத்துவிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலிலிருந்து நீர் கசிந்தாலோ மறு பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; மூச்சுத் திணறினால் உடனே 999ஐ அழையுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறலாமா என்று கேட்காத நோயாளி இங்கே குறைவு. பலரால் ஏற முடிகிறது. ஆனால் அது ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். வீட்டு மாடிப்படியை ஊன்றுகோல் இல்லாமல், சாயாமல் ஏறி இறங்கும் வலு வந்த பிறகு, அறுவை மருத்துவரின் சம்மதத்துடன், கூட்டமில்லாத சாதாரண நாள் ஒன்றில் பாதி தூரம் ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். பால்குடமும் காவடியும் அதற்கடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.