"ஓடுது அண்ணே" என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

போன வாரம் மறுபடியும் ஒரு அலுமினியப் பிளேட் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்குச் செய்த ஃபிக்ஸ்சர், அதாவது பாகத்தை அசையாமல் பிடிக்கும் தாங்கி. இடம் மாறாமல் பொருத்தும் டவல் பின் (dowel pin) இரண்டில் ஒன்று துளையில் இறங்குகிறது, மற்றது இறங்க மறுக்கிறது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். இரண்டு துளைக்கும் நடுவே 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இருந்தது 74. டிராயிங்கில் 75 என்றுதான் எழுதியிருக்கிறது. மெஷின் ஷாப்புக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து அளந்தேன். வட்டங்களே 74-இல்தான் இருந்தன. மெஷின் ஷாப்காரர் மேல் தப்பே இல்லை. கணினி இயக்கும் சிஎன்சி மெஷின் வட்டத்தைப் பார்த்து வெட்டுகிறது, பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிப்பதில்லை.

வரைந்த தம்பி கெட்டிக்காரர். துளைகளைத் தானாகப் போட ஓர் ஆட்டோலிஸ்ப் நிரலை (ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குள் ஓடும் நிரல் மொழி) ஏஐயிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். "மூணு மாசமா ஓடுது அண்ணே, ஒரு எரர் கூட வந்ததில்லை" என்றார். இதே வாக்கியத்தை இந்த வருடம் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆட்டோகேட் கட்டளை வரியில் (/ 75 2) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 37 என்று வரும். 37.5 வராது. இரண்டும் முழு எண்ணாக இருந்தால் ஆட்டோலிஸ்ப் விடையையும் முழு எண்ணாகவே தரும், மீதியை விட்டுவிடும். (/ 75 2.0) என்று தட்டுங்கள், 37.5 வரும். தம்பியின் நிரல் துளை இடைவெளியை கெட்இன்ட் (getint) என்ற கட்டளை மூலம் முழு எண்ணாக வாங்கி, இரண்டால் வகுத்து, மையத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று துளை போடுகிறது. 37-ம் 37-ம் 74. அதோடு நிற்கவில்லை. அளவுக் கோட்டில் உண்மையான தூரத்தைக் காட்டாமல், தம்பி தட்டிய 75-ஐயே எழுத்தாகப் போட்டுவிட்டது. அச்செடுத்த தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதமாக ஏன் மாட்டவில்லை? அதுவரை வெட்டி முடித்த வேலையெல்லாம் 80, 100, 120. இரட்டை எண்ணில் இந்தப் பிழை தலைகாட்டாது.

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகுமா?" என்று கேட்பவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தப்பே செய்யவில்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கச் சொன்னீர்கள், வகுத்துக் கொடுத்தது. எரர் எப்போது வரும்? அடைப்புக்குறி ஒன்று குறைந்தால் வரும். எண் வேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் வரும். நீங்கள் நினைத்தது 37.5, கிடைத்தது 37 என்பதற்கு எந்த எரரும் வராது. உங்கள் மனதில் இருந்த பிளேட்டை அது பார்த்ததே இல்லை. ஏஐ எழுதிய நிரலானாலும் இணையத்தில் இறக்கியதானாலும் இதே கதைதான். படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிரலை வாடிக்கையாளர் டிராயிங்கில் ஓட விடாதீர்கள்.

"அப்போ முதலில் பைத்தான் முடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். பைத்தான் ஆட்டோகேட்டை வெளியே இருந்து இயக்கும். அதைத் தனியாக நிறுவ வேண்டும், அலுவலக ஐடியிடம் அனுமதிக்கு அலைய வேண்டும். ஆட்டோலிஸ்ப் 1986-இலிருந்து ஆட்டோகேட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விலை குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டியிலும், விண்டோஸில், எல்டி 2024-இலிருந்து வந்துவிட்டது. பினாங்கின் பிறை (Perai) ஊர்ப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் "எங்ககிட்ட எல்டிதான் இருக்கு" என்ற சாக்கு இனி செல்லாது. ஒரு மாதம், தினம் அரை மணி நேரம் போதும், மற்றவர் எழுதியதைப் படிக்கும் அளவுக்கு வந்துவிடலாம். முதலில் படிக்கத் தெரிந்தால் போதும், எழுதுவது அப்புறம் தானாக வரும்.

சரி, செய்ய வேண்டியவை. அளவு வாங்க, கெட்இன்டுக்குப் பதிலாகப் புள்ளி எண்ணையும் ஏற்கும் கெட்ரியல் (getreal) அல்லது கெட்டிஸ்ட் (getdist) போடுங்கள். வகுக்கும் எண்ணில் புள்ளி சுழியம் சேருங்கள். சோதிக்கும்போது 75, 37, 12.7 மாதிரி முரண்டு பிடிக்கும் எண்களைக் கொடுங்கள். 100 கொடுத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. அளவுக் கோட்டின் மேல் கையால் எண் எழுதும் பழக்கத்தை, தயவுசெய்து, இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை, அதாவது புள்ளியைக் கோட்டின் முனை, மையம் போன்ற இடத்தில் தானாக ஒட்டவைக்கும் வசதியை, மறக்காதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது நிரல் கோடு போட்டால், நீங்கள் கொடுத்த புள்ளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வசதியின் அமைப்பான ஓஸ்மோட் (OSMODE) மதிப்பை முதலில் எடுத்து வைத்து, சுழியமாக்கி, வேலை முடிந்ததும் திருப்பிப் போடுங்கள். நடுவில் யாராவது எஸ்கேப் அழுத்தினாலும் பழைய மதிப்பு திரும்பி வருகிற மாதிரி எழுத வேண்டும்.

இன்னொன்று. சப்ளையர் அனுப்பும் ஜிப் ஃபைலில் டிராயிங்கோடு அகாட் (acad.lsp) அல்லது அகாட்டாக் (acaddoc.lsp) என்ற பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைல் கிடந்தால் டிராயிங்கைத் திறக்காதீர்கள். அந்தப் பெயர்கள் தானாக ஏற்றப்படுபவை. 2012-இல் ஆட்டோலிஸ்ப்பிலேயே எழுதிய ஒரு வைரஸ், பெரும்பாலும் பெரு நாட்டில், ஆயிரக்கணக்கான டிராயிங்குகளை மின்னஞ்சலில் திருடி அனுப்பியதை ஈசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. நம்பிக்கையில்லாத இடத்து நிரலை ஏற்றும் முன் எச்சரிக்கும் செக்யூர்லோட் (SECURELOAD) என்ற அமைப்பைச் சுழியமாக்கி வைத்திருப்பவர்கள் உடனே 1-க்கு மாற்றுங்கள். எச்சரிக்கைப் பெட்டி அடிக்கடி வந்து தொல்லை தருகிறது என்று அதை அணைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பி நிரலைத் திருத்திவிட்டார். இப்போது அந்த மூன்று மாத டிராயிங்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அளந்துகொண்டிருக்கிறார். நேற்றுவரை பார்த்ததில் இன்னும் இரண்டு சிக்கியிருக்கின்றன, ஒன்று 45, மற்றது 63. நல்லவேளை, இரண்டும் இன்னும் வெட்டப்படவில்லை. உங்களிடமும் இப்படி ஒரு நிரல் இருந்தால் ஒற்றைப்படை அளவுகளை முதலில் தேடுங்கள்.