பன்மை அறியாமை: ஆருக்கு அறியாமை?

இந்த ஒரு மாதத்தில் இந்தச் சொல்லை மூன்றாவது தடவை கேட்டாச்சு. குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கம் காலநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டம், திரையில் 'பன்மை அறியாமை' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். கட்டன்சாயாவோடு முன்னால் இருந்த பெரியவர் என் பக்கம் திரும்பி, "ஆரு மக்களே அறியாதவன், எங்களையா சொல்லுத?" என்றார்.

நியாயமான கேள்வி. இதன் ஆங்கில மூலமான புளூரலிஸ்டிக் இக்னரன்ஸ் என்பது சமூக உளவியல் சொல், 1931-இல் டேனியல் காட்ஸும் ஃபிளாய்ட் ஆல்போர்ட்டும் புழக்கத்தில் விட்டது. லத்தீன் வேர்வரை தோண்ட வேண்டாம், முதல் பாதி 'பல', அடுத்த பாதி 'தெரியாமை', அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், எல்லார் மனதிலும் ஒரே கவலை இருக்கும், ஆனால் மற்றவன் வாய் திறக்காததால் அவனுக்குக் கவலையில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்து, கடைசியில் எல்லாரும் சும்மா இருப்பார்கள். 2022-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வுப்படி அமெரிக்காவில் காலநிலைக் கொள்கைகளை ஆதரிப்பவர்கள் 66 முதல் 80 சதவீதம்; எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று அமெரிக்கர்களையே கேட்டால் 37 முதல் 43 என்கிறார்கள்.

இதில் அறியாமை எங்கே வந்தது? கடல் ஏறி வருவது பெரியவருக்குத் தெரியும், தெரியாதது பக்கத்து வீட்டுக்காரர் மனசு மட்டும். தமிழில் அறியாமை என்றாலே மேடையில் 'இருள்' தானாக ஒட்டிக்கொள்ளும், அதை நீக்க ஒருத்தர் விளக்கோடு வந்தும் விடுவார். பன்மை என்றால் 'கள்' விகுதிதான் ஞாபகம் வரும். 'கூட்டு அறியாமை' இன்னும் மோசம், ஊரே முட்டாள் என்றாகிவிடும். தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'பிறர்மனப் பிறழ்கணிப்பு' என்றார். பொருள் சரி, நாக்குதான் சுளுக்கும்.

நான் சொல்வது 'ஊர்மனத் தப்புக்கணக்கு'. வினையாகவும் வளையும்: ஊர் மனசைத் தப்புக்கணக்குப் போட்டுவிட்டோம். 'தப்பு' கொச்சை என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு ஒருநாள் கரைக்கு வரலாம். கடலுக்குள் வளைத்துக் கல் போட்டதற்கு இங்கே 'தூண்டில் வளைவு' என்று பெயர், பார்த்தவுடன் புரியும். காற்றே இல்லாத நாளில் திருடன் மாதிரி கரையேறும் அலை 'கள்ளக்கடல்'. அதை ஆங்கில அறிக்கைகளிலும் மாற்றாமல் அப்படியே எழுதுகிறார்கள்.

வெளியே வந்ததும் பெரியவரிடம் தப்புக்கணக்கைச் சொன்னேன். "அது செரி. பந்து களிச்ச கரை போச்சேன்னு எனக்கு ரொம்ப நாளா வெசனம், சொன்னா இவனுவ சிரிப்பானுவன்னு இருந்தேன்" என்றார்.

பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "நானும் அங்கதானே அண்ணே களிச்சேன்."