பிளானில இருக்கிற இலக்கம் தானா மாறுறது எப்பிடி?

கிளிநொச்சியில வீட்டு பிளான் கீறுற ஆக்களுக்குத் தெரியும், பிளான் ஒருநாளும் ஒரு தரத்தில முடியாது. வீட்டுக்காரர் வந்து குசினியை ரெண்டு அடி பெருப்பிப்பம் எண்டுவார், அடுத்த கிழமை அவற்ற மனுசி வந்து சாமியறையை மற்றப் பக்கம் மாத்தச் சொல்லுவா, நாங்களும் சுவரை இழுத்து விடுவம். சுவர் இழுக்க ரெண்டு நிமிசம் காணும், ஆனா அதோட சேந்து மாறவேண்டிய அளவுகள், அறையின்ர சதுர அடி, கதவு யன்னல் அட்டவணை எண்டு எல்லாத்தையும் தேடித் தேடி மாத்துறதுக்குள்ள ஒண்டு எப்பிடியும் தவறிப்போகும்.

முறிகண்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் கீறின பிளானில அப்பிடித்தான் ஒண்டு தவறினது. விறாந்தையை 6 அடியில இருந்து 7 அடியாக்கினன், கோடு தள்ளிப் போச்சுது, இலக்கம் மட்டும் 6 எண்டே நிண்டிட்டுது. மேசன் கோட்டை அளந்து பாக்க மாட்டார், பாக்கவும் கூடாது, எழுதியிருக்கிறதுதான் அவருக்குக் கணக்கு. 6 அடிக்கு அத்திவாரம் வெட்டிக் கல்லும் கட்டியாச்சு. அந்தச் சனம் கடன்பட்டு வாங்கின சீமெந்து அது, இப்பவும் நினைச்சா மனம் கஸ்ரமாத்தான் இருக்கு.

ஏன் அந்த இலக்கம் மாறேல்லை? ஓட்டோகாட் எண்ட பிளான் கீறுற கொம்பியூட்டர் புரோகிராமில டைமென்சன் (நீளத்தைக் காட்டுற அளவுக்குறி) எண்டது எழுத்து இல்லை. எந்த ரெண்டு புள்ளிக்கு இடையில அளக்கவேணும் எண்டதைத்தான் அது நினைவில வைச்சிருக்கும், இலக்கத்தை அளந்து பாத்துத்தான் காட்டும். இலக்கம் வாற இடம் வெறுமையா இருந்தா "அளந்து எழுது" எண்டு அர்த்தம். நான் அவசரத்தில அதுக்குள்ள 6 எண்டு கையால அடிச்சிட்டன், அதோட அது அளக்கிறதை விட்டிட்டு நான் எழுதினதையே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு இருந்திருக்கு. இலக்கத்தோட ஏதும் சொல் சேக்கவேணும் எண்டா <> எண்டு போட்டிட்டுப் பக்கத்தில எழுதுங்கோ, அந்தக் குறி இருக்கிற இடத்தில அளந்த இலக்கம் வந்து நிக்கும்.

சரி, சுவர் அசைஞ்சது டைமென்சனுக்கு எப்பிடித் தெரியுது? படத்தில இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஹான்டில் எண்டு ஒரு தனி இலக்கம் இருக்கு, எங்கட அடையாள அட்டை இலக்கம் மாதிரி. டைமென்சன் வைக்கேக்க கோட்டின்ர முனையைச் சரியாப் பிடிச்சுக் கிளிக் பண்ணினா, "இந்த ஹான்டில் உள்ள கோட்டின்ர இந்த முனை" எண்டு பதிவாகும், கோட்டுக்குள்ளயும் "நீ அசைஞ்சா இவருக்குச் சொல்லு" எண்டு ஒரு குறிப்பு ஒட்டிக்கொள்ளும். பிறகு கோட்டை இழுக்க இழுக்கச் செய்தி போகும், இலக்கம் அந்த நேரமே மாறும். அதாலதான் கோட்டை அழிச்சுப்போட்டு அதே இடத்தில அதே நீளத்தில புதுசாக் கீறினாலும் தொடர்பு அறுந்துபோகும், பாக்க ஒரே கோடு, ஆனா அடையாள அட்டை வேற. டைமென்சனையே எக்ஸ்புளோட் பண்ணினா (துண்டு துண்டா உடைச்சா) இன்னும் மோசம், வெறும் கோடும் எழுத்துமாச் சிதறிப்போம்.

1963இலயே அமெரிக்காவின்ர எம்.ஐ.ரி பல்கலைக்கழகத்தில ஐவன் சதர்லான்ட் செய்த ஸ்கெச்பாட் எண்ட படம் கீறுற புரோகிராமில, கீறின பொருளுகளுக்கு இடையிலான தொடர்பைக் கொம்பியூட்டர் காப்பாத்திக்கொண்டு இருந்தது, அதை வாசிச்சபோது எனக்கு உண்மையிலயே பிரமிப்பா இருந்தது. ஓட்டோகாட் வந்தது 1982இல, ஆனா டைமென்சன் நேரா பொருளோடயே கட்டுப்படுறது 2002 பதிப்பிலதான் வந்தது. அதுக்கு முந்தித் தன்ர சொந்தப் புள்ளியளை மட்டும்தான் அது நம்பி இருந்தது, சுவரை இழுக்கேக்க அந்தப் புள்ளியளையும் சேத்துப் பிடிக்க மறந்தா அது பழைய இடத்திலயே நிண்டிடும்.

சதுர அடிக்கு வேற வழி, அதுக்குப் பேர் பீல்ட், எழுத்துக்குள்ள தானா நிரம்புற இடம். அறையைச் சுத்திப் பொலிலைன் எண்ட தொடர் கோடு ஒண்டு கீறி, அதின்ர பரப்பளவை எழுத்துக்குள்ள பீல்டா வைச்சா, சாம்பல் நிறப் பின்னணியோட இலக்கம் வரும், அந்தச் சாம்பல் பிறின்ற்றில வராது. அங்குலத்தில கீறியிருந்தா 10க்கு 12 அடி அறை 17,280 எண்டு காட்டும், பயப்பிடாதேங்கோ, அது சதுர அங்குலம், 144ஆல பிரிக்கிற மாதிரிப் பெருக்குத்தொகை குடுத்தா 120 வந்திடும். ஆனா பீல்ட் டைமென்சன் மாதிரி உடன மாறாது. பைலைத் திறக்கேக்க, சேவ் பண்ணேக்க, பிறின்ற் எடுக்கேக்க, ஆருக்கும் அனுப்பக் கட்டேக்க, ரீஜென் (படத்தைத் திருப்பிக் கீறச் சொல்லுற கட்டளை) குடுக்கேக்கதான் மாறும். பெரிய படத்தில நூறு பீல்டையும் மவுஸ் அசையிற ஒவ்வொரு தரமும் கணக்குப் பாத்தா மெசின் இழுபடும், அதுக்காகத்தான் இப்பிடி. அந்தப் பொலிலைன் அழிஞ்சுபோச்சு எண்டா பீல்ட் #### எண்டு காட்டும், என்ர கருத்தில இதுதான் அதில சிறந்த குணம், தெரியாட்டி பிழையான இலக்கம் சொல்லாது.

பழைய பைலை எடுத்து வேலை செய்யிறவை ஒண்டைக் கவனியுங்கோ, டைமென்சன் பொருளோட கட்டுப்படுறதோ எண்டு தீர்மானிக்கிற டிம்அசொக் எண்ட செற்றிங் (2 எண்டா கட்டுப்படும், 1 எண்டா கட்டுப்படாது) படத்துக்குள்ளயே சேமிபடும், அதால முந்தி ஆரோ 1இல வைச்சது அப்பிடியே உங்களிட்ட வரும். 2 ஆக்கினாலும் புதுசா வைக்கிற டைமென்சனுக்குத்தான் வேலை செய்யும், பழசுகளை டிம்ரீஅசோசியேற் எண்ட கட்டளை குடுத்து ஒண்டொண்டாக் கட்டவேணும். பிரதேச சபைக்குக் குடுக்க முதல் ஒருக்கா ரீஜென் அடிச்சு, கையால எழுதின இலக்கம் எங்கயும் ஒளிச்சிருக்கோ எண்டு பாத்திட்டு பிறின்ற் எடுங்கோ.