அந்த 15 சதவீதத்தை யார் பிரிக்கிறார்கள்?

அமெரிக்காவில் நம்மவர்கள் நடத்தும் லாப நோக்கற்ற அமைப்புகளிலிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நகராட்சி மானியத்துக்கு விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும்?" பொது மானியங்களை நிர்வகிப்பது என் வேலை என்பதால் கேட்கிறார்கள். எழுதும் முறையைச் சொல்லித் தரலாம், அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பணம் எப்போது, யார் கையால் பிரிகிறது என்று தெரியாமல் எழுதினால் உழைப்பு வீணாகிவிடும். விண்ணப்பப் படிவம் வெளியாகும் நாளில் பாதி முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும்.

நான் சொல்வது சி.டி.பி.ஜி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியத்தைப் பற்றி. 1974 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த திட்டம் இது. அதற்கு முன் தனித்தனியாக இருந்த பல மத்திய அரசுத் திட்டங்களை ஒரே மானியமாக்கி, எதற்குச் செலவிடுவது என்ற முடிவை உள்ளூரிடமே விட்டார்கள். வீட்டுவசதித் துறையான 'ஹட்' மக்கள்தொகை, வறுமை, வீட்டு நெரிசல், பழைய வீடுகள் போன்ற கணக்குகளை வைத்து ஆண்டுதோறும் பணத்தைப் பங்கிடுகிறது. பெருநகரப் பகுதிகளின் முதன்மை நகரங்களுக்கும், அங்கே 50,000 பேருக்கு மேல் வாழும் மற்ற நகரங்களுக்கும், 2 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்புற மாவட்டங்களுக்கும் நேரடியாகவே வரும். அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் சுமார் 330 கோடி டாலர்.

பெரிய தொகைதான். ஆனால் இதில் பெரும்பகுதி வீடு பழுதுபார்ப்பு, நடைபாதை, சமுதாயக் கூடம் என்று கட்டுமானப் பக்கம் போகிறது. உணவு வழங்கல், முதியோர் சேவை, குழந்தைகள் காப்பகம், சட்ட உதவி, குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கான உதவி ஆகியவை 'பொதுச் சேவை' என்ற தலைப்பில் வரும். அந்தத் தலைப்புக்குப் பொதுவான உச்சவரம்பு 15 சதவீதம். ஒரு நகரத்துக்கு 10 லட்சம் டாலர் வருகிறது என்று வையுங்கள். பொதுச் சேவைக்கு அதிகபட்சம் 1,50,000. அதற்கு இருபது அமைப்புகள் கை நீட்டும்.

இதைப் பிரிப்பவர்கள் அதிகாரிகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல ஊர்களில் முதலில் பிரிப்பது நகர மன்றம் நியமித்த குடிமக்கள் குழு. ஓய்வு பெற்ற ஆசிரியர், கடை வைத்திருப்பவர், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் செவிலியர் என்று சாதாரண மனிதர்கள்தான் இருப்பார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் 'வீட்டுவசதி மற்றும் மனித சேவைகள் ஆணையம்' என்று இருக்கிறது. குழு பரிந்துரைக்கும், மன்றம் முடிவெடுக்கும். சட்டப்படி அப்படி. நடைமுறையில் குழு அனுப்பும் பட்டியலை மன்றம் பெரிதாக மாற்றி நான் பார்த்தது குறைவு.

குழுவின் முன் என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒவ்வொரு அமைப்புக்கும் ஐந்து நிமிடம். முதியோருக்கு வீட்டிலேயே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் அமைப்பின் இயக்குநர் எழுந்து, தனியாக இருக்கும் ஒரு பாட்டியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கேட்டவர்கள் நெகிழ்ந்துதான் போனார்கள். அப்புறம் ஓர் உறுப்பினர் கேட்டார்: "போன வருடம் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எங்கள் பணம் வந்தால் கூடுதலாக எத்தனை பேர்?" இயக்குநரிடம் பதில் இல்லை. வழக்கமாகச் செய்வதைத் தொடரவே கேட்கிறோம் என்றார். நல்ல மனிதர், நல்ல வேலை, ஆனால் விதி வேறு. நகராட்சியின் உள்ளூர் நிதியிலோ மாநில நிதியிலோ ஏற்கெனவே நடந்துவரும் சேவைக்கு அந்த நிதியை எடுத்துவிட்டு இந்தப் பணத்தை வைக்க முடியாது. சேவை புதிதாக இருக்க வேண்டும், அல்லது முந்தைய 12 மாதங்களைவிட அளந்து காட்டக்கூடிய அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். தங்கள் பழைய நிதி எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் விதி தங்களைத் தடுக்கவில்லை என்று காட்டியிருக்கலாம். விண்ணப்பங்களுக்குக் குழு மதிப்பெண் போடும் தாளில் அந்த இடம் காலியாகவே போயிற்று.

எல்லோரும் பேசி முடித்த பிறகு குழுவுக்குள் ஒரு விவாதம் தவறாமல் வரும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதா, சிலருக்கு நிறைவாகக் கொடுப்பதா? யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் பலரும் முதல் வழிக்குப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 5,000 டாலர் வாங்கும் அமைப்பும் 50,000 வாங்கும் அமைப்பும் ஏறக்குறைய ஒரே ஒப்பந்தம், ஒரே காலாண்டு அறிக்கை, ஒரே தணிக்கைக் கேள்விகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். சின்னத் தொகையைச் சின்ன அமைப்புக்குக் கொடுப்பது தாராளம்போலத் தெரிகிறது. உண்மையில் அந்தப் பணத்தில் கணிசமான பங்கு காகித வேலைக்குப் போய்விடுகிறது. குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயித்திருக்கும் நகரங்கள் சரியாகவே செய்திருக்கின்றன.

இனி, விண்ணப்பத்துக்கு முன்பே முடிவாகிவிடும் பாதி. ஒவ்வொரு நகரமும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ஒருங்கிணைந்த திட்டம்' ஒன்றை எழுதியாக வேண்டும். இந்த ஊரில் எந்தத் தேவைக்கு முன்னுரிமை என்று அதில்தான் தீர்மானிக்கிறார்கள். பிறகு ஆண்டுதோறும் ஒரு செயல் திட்டம். அதன் வரைவு வெளியான பின் மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது இரண்டு பொது விசாரணைகள் நடத்த வேண்டும். தேவைகளைப் பற்றிய விசாரணைக்குப் போய்ப் பாருங்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். ஆங்கிலம் பேசத் தயங்கும் பெற்றோர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதை நம் வீடுகளில் பார்க்கிறோம், ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து யாரும் சொல்வதில்லை. அதனால் அது முன்னுரிமைப் பட்டியலில் ஏறுவதில்லை. பட்டியலில் இல்லாததற்கு, இரண்டு வருடம் கழித்து வரும் விண்ணப்பத்தில் குழுவுக்கு மனமிருந்தாலும் மதிப்பெண் போட இடமில்லை.

அடுத்தது, யாருக்குச் சேவை. பொதுவாகப் பயனாளிகளில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் தொகை) 80 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் என்று காட்ட வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கு இந்த மானியம் கேட்டு வருகிறவர்களிடம் நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன்: மென்பொருள் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளை வைத்து இந்தக் கணக்கு நிற்காது. ஆனால் முதியோருக்கென்றே, அல்லது குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே நடக்கும் சேவை என்றால், அவர்கள் குறைந்த வருமானத்தினர் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. மாறான சான்று இல்லாதவரை ஆளுக்கு ஆள் வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை. இதை அறியாமலேயே ஒதுங்கி நிற்கும் தமிழ் முதியோர் குழுக்கள் உண்டு. கோயிலோ தேவாலயமோ சார்ந்த அமைப்பும் விண்ணப்பிக்கலாம். வழிபாட்டுக்கும் மதபோதனைக்கும் இந்தப் பணத்தைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

கிடைத்துவிட்டது என்றால் உடனே காசோலை வரும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் முதலில் நீங்கள் செலவு செய்து, ரசீதும் சம்பளப் பதிவேடும் கொடுத்தால்தான் பணம் திரும்பி வரும். நாடாளுமன்றம் பட்ஜெட்டைத் தாமதித்தால் நகரத்துக்கான தொகையே தாமதமாகத்தான் தெரியும். மூன்று நான்கு மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து சமாளிக்க முடியாத அமைப்பு, தனக்கென்று கணக்காளரும் சேமிப்பும் உள்ள ஒரு பெரிய அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நல்லது. நான் பார்த்தவரை, மானியம் கிடைக்காமல் நொடித்த அமைப்புகளைவிட மானியம் கிடைத்தபின் மூச்சுத் திணறியவை அதிகம்.

குழுவில் இடம் காலியாக இருப்பதும் வழக்கம். மன்றச் செயலாளர் அலுவலகம் அறிவிப்பு ஒட்டும். பல ஊர்களில் அந்த நகரவாசியாக இருந்தாலே விண்ணப்பிக்கலாம். மாதம் ஒரு மாலை, மானியக் காலத்தில் இன்னும் கொஞ்சம் வாசிப்பு, அவ்வளவுதான் கேட்பார்கள். உங்கள் அமைப்புக்கு ஓட்டுப் போடுவதற்காக அங்கே போகக்கூடாது. அது விவாதத்துக்கு வந்தால் உறவைச் சொல்லி எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஆனால் மருமகளின் காரை நம்பியே வெளியே போக வேண்டியிருக்கும் ஒரு மாமியாரின் நிலை என்ன என்று அறிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால், மற்ற உறுப்பினர்களுக்குத் தோன்றாத கேள்விகள் எழும்.

ஜூலை 1-இல் திட்ட ஆண்டு தொடங்கும் ஊர்களில் குளிர்காலத்தில் விண்ணப்பம், வசந்தத்தில் குழுக் கூட்டம், மே நடுவுக்குள் திட்டம் ஹட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் இப்போதே நகராட்சியின் சமூக மேம்பாட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். அடுத்த ஒருங்கிணைந்த திட்டம் எந்த ஆண்டு, அதற்கான முதல் கூட்டம் எப்போது? சென்ற முறை ஒவ்வொரு அமைப்புக்கும் குழு போட்ட மதிப்பெண் தாள் கிடைக்குமா? பெரும்பாலும் அது பொது ஆவணம்தான், கேட்டால் தருவார்கள்.