ஹாரனை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹாரன் அடிக்கவில்லை என்றால் பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து ஸ்டீயரிங் பட்டனுக்குக் கொடுக்காதீர்கள். வேறு யாராவது கொடுத்துத் தருகிறேன் என்று வந்தாலும் விடாதீர்கள்.

தண்டையார்பேட்டையில் உள்ள என் பட்டறைக்கு அண்மையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை ஓடிய காலத்தில் நம் ஊரிலேயே உருவான கார். தகப்பனார் ஓட்டியதை மகன் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். ஹாரன் ஊமையாகிவிட்டது. புது ஹாரன் போட்டார்கள், சத்தமில்லை. அதைக் கழற்றி இன்னொன்று போட்டார்கள், அதுவும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "பட்டனுக்குக் கரண்டே வரவில்லை" என்று தீர்ப்பு சொல்லி, பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரைப் பட்டனுக்கு ஏற்றிவிட்டார். நடுவில் ஃபியூஸ் கிடையாது. பட்டனை அழுத்தினாலும் சத்தம் வரவில்லை. கடைசியில் அந்த வயர் எங்கோ பாடியில் உரசிப் புகைதான் வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் அந்த வயர் உருகி, கூடவே கட்டியிருந்த இண்டிகேட்டர் வயர், விளக்கு வயர் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிவிட்டது. காரில் இருந்தவர்கள் இறங்கி ஓடியது நல்லதாகப் போயிற்று.

உண்மையான பழுது என்ன தெரியுமா? ஸ்டீயரிங் தண்டின் நடுவே உள்ள ரப்பர் இணைப்பைத் தாண்டி எர்த்தை, அதாவது காரின் இரும்பு பாடி வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதையை, கொண்டுபோகும் சின்னப் பட்டை வயர் அறுந்திருந்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்காகத்தான் அந்தப் பட்டை. ஒரு டீ, ஒரு வடை விலைகூட ஆகாத வேலை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் சுவிட்சுக்குக் கரண்ட் வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகிறது. காரையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். அம்பாசடர், ஹெரால்டு, மோரிஸ் மைனர் போன்ற இங்கிலாந்து வழிவந்த கார்களில் ஹாரன் விஷயம் தலைகீழ். பேட்டரியின் கரண்ட் முதலில் ஹாரனுக்குத்தான் போகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் அது அங்கேயே காத்திருக்கிறது. ஹாரனின் மறுமுனையிலிருந்து கிளம்பும் வயர்தான் பட்டனுக்கு வருகிறது. பட்டனை அழுத்தினால் அந்த வயர் பாடியோடு சேர்கிறது, சுற்று முழுமையாகிறது, ஹாரன் அடிக்கிறது. பட்டனின் வேலை எர்த் கொடுப்பது மட்டுமே. அந்தப் பட்டனுக்கு நீங்கள் பேட்டரி வயரைக் கொடுத்தால், அழுத்தும்போது பேட்டரி நேராகப் பாடியோடு மோதும். அதற்குப் பெயர் ஷார்ட் சர்க்யூட். அதை நம் கையாலேயே, பணம் கொடுத்துச் செய்து வைத்துக்கொள்கிறோம். திரும்பவும் சொல்கிறேன்: இந்தக் கார்களில் பட்டன் எர்த் கொடுக்கிறது, கரண்ட் கொடுப்பதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு சத்தமும் இல்லையா, 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா, தொண்டை கட்டியது போல் கரகரக்கிறதா, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் அடிக்கிறதா? ஒவ்வொன்றும் வேறு பழுது. திருப்பினால் மட்டும் அடிப்பது பட்டனுக்குக் கீழே தேய்ந்துபோன கார்பன் பிரஷ் (ஸ்டீயரிங் சுற்றும்போதும் தொடர்பு விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் கரித்துண்டு) அல்லது அதன் ஸ்பிரிங். ஹாரன் பக்கமே போக வேண்டாம். ஒரு சத்தமும் இல்லையென்றால் காருக்குள் கூரை விளக்கைப் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அதுவும் ஹாரனும் ஒரே ஃபியூஸில் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஹாரனிடம் போங்கள். பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயர் பாடியில், இன்னொன்று ஹாரனுக்குக் கரண்ட் வரும் முனையில். பல்பு பளிச்சென்று எரிந்தால் கரண்ட் வருகிறது. அடுத்து ஹாரனின் மறுமுனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு தனி வயரைத் தொடுங்கள். அடித்துவிட்டதா? ஹாரன் நல்ல ஹாரன். அங்கிருந்து பட்டன் வரையிலும், பட்டனிலிருந்து பாடி வரையிலும் உள்ள பாதையில்தான் கோளாறு. கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கியவர்கள் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் பணம் மிச்சம்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 'அண்ணே, 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் அடிக்கவில்லை' என்று வருகிறீர்கள். காட்டத்தான் செய்யும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஓரிழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுப்பதில்லை. ஹாரன் ஒன்று சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். அடிபம்பில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டுக் குடத்தை வைத்தால் நிரம்புமா? பட்டனை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது ஹாரனின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. பிரேக் பல்பைச் சொன்னதும் இதற்காகத்தான், அது கரண்டை இழுத்துப் பார்த்துவிடும்.

அந்தத் தடை நம் பகுதியில் எதனால் வருகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு, போல்ட்டுக்கு அடியில் துரு. போதாததற்குத் துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு ஹாரன் வேலை இன்னும் வருகிறது. ஹாரன் கிரில்லுக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதால், உள்ளே போன தண்ணீர் பாயிண்டை, அதாவது ஹாரன் அடிக்கும்போது தொட்டுத் தொட்டுப் பிரியும் முனைகளை, அரித்துவிடுகிறது. பெயிண்டருக்கும் இதில் பங்கு உண்டு: காரைப் புதுப்பிக்கிறேன் என்று எர்த் வயர் உட்காரும் இடத்திலும் அழகாகப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பெயிண்டின் மேல் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் எர்த் சரியாகக் கிடைக்காது. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள், வயரை இறுக்குங்கள், மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

'டிக்' என்று மட்டும் கேட்பதோ, கரகரப்பதோ, பாதை சுத்தமாக இருந்தும் சரியாகவில்லை என்றால்தான் ஹாரனின் சரிசெய்யும் திருகைத் தொட வேண்டும். அது உள்ளே இருக்கும் பாயிண்டின் தேய்மானத்தை ஈடுகட்டத்தான். சுருதி சேர்ப்பதற்கு அல்ல. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள். பாயிண்ட் பிரியாமல் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும். ஹாரனின் நடுவில் இருக்கும் வேறு திருகைத் தொட்டவர் என்னிடம் வர வேண்டாம்.

நள்ளிரவில் தானாக அடிக்கத் தொடங்கினால் பதறி வயரை வெட்டாதீர்கள். ஸ்டீயரிங் தண்டுக்குள் வயரின் தோல் உரிந்து பாடியைத் தொட்டிருக்கும். பேட்டரி முனையைக் கழற்றுங்கள், அவ்வளவுதான். தொடர்ந்து அடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல ஹாரன்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி வைக்கிறீர்களே, அதற்கு என்ன சொல்ல? ஃபியூஸ் போவது பழுதில்லை. பழுது இருக்கிறது என்று அது சொல்கிறது. சாவி இல்லாமலும் ஹாரன் வயரில் கரண்ட் நிற்கிறது என்று மேலே சொன்னேன். ஜிகினா சுற்றிய காரை ஷெட்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போனால், எலி கடித்த ஒரு வயர் போதும். தயவுசெய்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கூடுதல் ஹாரன் வேண்டும் என்றால் ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) போடுங்கள், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். பழைய மோரிஸ் மைனர்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். எதையும் இணைப்பதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். பல ராகம் பாடும் ஏர் ஹாரனை நான் பொருத்த மாட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 119ஆவது விதி அதைத் தடுக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் அதை அடித்தால் அபராதமும் உண்டு. 50 ஆண்டைத் தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிவு செய்ய ஆசைப்படுபவர்களும் இதை யோசிக்க வேண்டும். அதற்குக் கார் பழைய உருவிலேயே இருக்க வேண்டும்.

பட்டறைக்கு வரும்போது கழற்றிய பழைய ஹாரனையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். காயலான் கடையில் போட்டுவிட்டேன் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அதே மாதிரி ஒன்றைத் தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குவதும் அவர்கள்தான்.