புது மானிட்டர் வாங்கியாச்சு, கேபிள் சரிதானா?

4கே மானிட்டர் வாங்கிய கையோடு, "மவுஸ் இழுத்து இழுத்து நகருது, ரேம் போட்டுக் கொடுங்க" என்று சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய. ரேமைத் தொடும் முன் நான் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டைப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். வினாடிக்கு 60 முறை மாற வேண்டிய திரை 30 முறைதான் மாறுகிறது. மவுஸ் திணறுவது அதனால்தான்.

பெரும்பாலும் காரணம், கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ இணைப்பின் பழைய பதிப்பு. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ 1.4 வினாடிக்கு 10.2 ஜிகாபிட் டேட்டா வரைதான் தாங்கும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப அது போதாது. 2013இல் வந்த 2.0 பதிப்பு 18 ஜிகாபிட் தாங்கும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் கேபிளை மட்டும் மாற்றிப் பயனில்லை. கம்ப்யூட்டர் போர்ட், கேபிள், மானிட்டர் போர்ட் மூன்றில் எது பழசோ அந்த அளவுக்குத்தான் படம் வரும். பழைய லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ 1.4 போர்ட் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து கேபிள் வாங்கினாலும் 30தான். அதே சிஸ்டத்தில், படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் 1.2 பதிப்பே 4கே 60க்குப் போதும்.

எச்.டி.எம்.ஐ கேபிள் வாங்கும்போது அட்டையில் "2.1" என்று பதிப்பு எண் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்துச் சான்று பெற்றது பிரீமியம் ஹை ஸ்பீட்; 48 ஜிகாபிட்டுக்கு அல்ட்ரா ஹை ஸ்பீட். சான்று பெற்ற அட்டையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் ஒட்டியிருக்கும். தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் படம் அதனால் துளியும் தெளிவாகாது.

தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பில் கேபிளை மதர்போர்டு போர்ட்டில் சொருகிவிட்டு "நோ சிக்னல்" என்று தவிப்பவர்கள் உண்டு. கேபினட்டின் பின்பக்கம், யு.எஸ்.பி போர்ட்களோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டுடையது. கீழே தனி ஸ்லாட்டில் இருப்பதுதான் கார்டு. அங்கே சொருகுங்கள்.

நீல நிற வி.ஜி.ஏ 1987இல் வந்த அனலாக் இணைப்பு. படம் வரும், ஆனால் ஃபுல் எச்.டி.யில் எழுத்தின் ஓரம் மங்கும். நாள் முழுக்க டேலியில் கணக்குப் பார்ப்பவர்கள் கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம். மானிட்டரில் எச்.டி.எம்.ஐ இருந்தால் இன்றே மாறிவிடுங்கள்.

டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட் முனை கம்ப்யூட்டரிலும் எச்.டி.எம்.ஐ முனை மானிட்டரிலும் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் வேலை செய்யாது, அதற்கு சிப் வைத்த தனி கன்வெர்ட்டர் வேண்டும்.

டைப்-சி போர்ட் என்றாலே படம் வரும் என்று நினைக்க வேண்டாம். போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் குறி அல்லது மின்னல் வடிவ தண்டர்போல்ட் குறி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் லேப்டாப் மாடலின் விவரப் பக்கத்தில் தேடுங்கள். போன் சார்ஜரோடு வந்த கேபிளில் பெரும்பாலும் படம் போகாது.