ஹார்மோன்: இயக்குநீரா, ஊக்கியா?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி உண்டு. வெளிச்சம் கைப்பிடிச் சுவர்ப் பக்கமிருந்துதான் வரும். செடியும் அங்கேயே சாயும். தொட்டியைத் திருப்பி வைத்தால் சில நாளில் இளங்கொழுந்து மறுபடி வளைந்துவிடும். "ஏம்மா வளையுது?" என்று மகள் கேட்டாள். உடலுக்குள்ளேயே உண்டாகி அதன் வேலைகளை இயக்கும் வேதிப்பொருளான ஹார்மோன் என்றேன். இங்கே அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் என்பதால் அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். "தமிழ்ல என்ன?" என்றாள்.

1905இல் லண்டனில் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் தம் உரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. 'கிளர்ந்தெழச் செய், உந்து' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. அவர் மனத்தில் இருந்தவை விலங்குகளின் சுரப்பிகள். பிறகுதான் செடிகளுக்கும் அதே பெயர் வந்தது.

தமிழில் சுரப்புநீர், இயக்குநீர், வளரூக்கி என்று மூன்று வழங்குகின்றன. செடியில் ஹார்மோனுக்கெனத் தனிச் சுரப்பி இல்லை. நுனியும் இலையும் வேருமே அதை உண்டாக்கிக்கொள்கின்றன. அதனால் சுரப்புநீர் பொருந்தாது. இயக்குநீரில் 'நீர்' இடிக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய மாங்காயை அரிசி டின்னில் புதைத்துப் பழுக்க வைக்கிறோமே, அங்கே வேலை செய்யும் எத்திலீன் என்ற ஹார்மோன் ஒரு வாயு. வளரூக்கி என்றால், அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனை எங்கே வைப்பது? மண் காய்ந்தால் இலைத்துளைகளை மூட வைப்பதும் விதையை முளைக்கவிடாமல் உறங்க வைப்பதும் அதுதான்.

ஆகவே பொதுப்பெயராகத் தாவர ஊக்கி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊக்கு என்றாலே கிளர்ந்தெழச் செய் என்பதுதானே. வளரூக்கியை, தண்டை நீளச் செய்யும் ஆக்சின் என்ற ஹார்மோனுக்கு விட்டுவிடலாம். அதுவும் 'வளர்' என்ற கிரேக்க வினையில் பிறந்த பெயர், 1931இல் வைத்தது.

கறிவேப்பிலையை வளைப்பது இந்த ஆக்சின். 1880இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் புல் நாற்றின் நுனியை மூடிப் பார்த்தார்கள். ஒளி ஒரு பக்கமிருந்து பட்டும் தண்டு வளையவில்லை. 1926இல் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்றின் நுனிகளைக் கிள்ளி அகார் என்ற கடற்பாசிக் கூழ்த் துண்டின்மேல் வைத்தார். நுனியிலிருந்தது அகாரில் இறங்கியது. அந்த அகாரை நுனியற்ற தண்டின் ஓரத்தில் ஏற்றியதும், இருட்டிலேயே அது எதிர்ப்பக்கம் வளைந்தது. ஒளி பட்டால் ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்குகிறது. அங்குள்ள செல்கள் கூடுதலாக நீள, தண்டு ஒளியை நோக்கித் திரும்புகிறது.

நீரின் அளவே மலர்த்தண்டின் நீளம் என்கிறதே குறள், அது வரும் அதிகாரத்தின் பெயரே ஊக்கமுடைமை. ஆழ்நீர் நெல்லில் அதைக் கண்ணால் காணலாம். வெள்ளம் ஏறினால் தண்டுக்குள் எத்திலீன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அது ஜிப்ரலின் என்ற இன்னொரு ஊக்கியைத் தூண்ட, தண்டு ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேலும் நீண்டு இலையை நீருக்கு வெளியே தூக்குகிறது. மகளிடம் இதைச் சொல்லி, ஊக்கி என்றே எழுதிக் கொடுத்தேன்.